'டூ டச்' விதி எடுத்துக்கொள்வது எதை?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறுகளக் கால்பந்துப் பயிற்சி பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, ஆட்கள் குறைந்தால் ஒவ்வொருவருக்கும் பந்து அதிகம் கிடைக்கும் என்பதோடு நின்றுவிட்டது. அது உண்மைதான். ஆனால் பயிற்சியாளர் சேர்க்கும் ஒரே ஒரு விதி அதை வேறொரு ஆட்டமாகவே மாற்றிவிடுகிறது என்பதை, பல ஆண்டுகளாக இளையோருக்குப் பயிற்சி அளித்துவருபவன் என்ற முறையில் சொல்ல விரும்புகிறேன்.

105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் கொண்ட மைதானத்தில் 22 பேர் ஆடும்போது ஒருவருக்கு ஏறத்தாழ 325 சதுர மீட்டர் இடம் இருக்கிறது. 30க்கு 20 மீட்டர் கட்டத்தில் அணிக்கு நால்வராக ஆடினால் அது 75 சதுர மீட்டராகச் சுருங்கிவிடுகிறது. அங்கே சட்டென்று நிற்பதும் திரும்புவதும் மீண்டும் கிளம்புவதும் மிகுதி. முழு வேகம் எடுக்க இடமே இல்லை. வாரம் முழுவதும் அந்தக் கட்டத்திலேயே ஆடியவர், போட்டியன்று 40 மீட்டர் பாய்ந்தோட நேரும்போது அவருடைய பின்தொடைத் தசை அதற்குப் பழகியிருக்காது. ஆளுக்கு ஆள் மார்க்கிங், அதாவது ஒவ்வொருவரும் தனக்கென ஓர் எதிராளியை விடாமல் பின்தொடர வேண்டும் என்று விதித்தாலோ எவருக்கும் மூச்சு வாங்க இடைவெளி கிடைக்காமல் இதயத் துடிப்பு ஏறிவிடும்.

இவற்றையெல்லாம்விட என்னைக் கவலைகொள்ளச் செய்வது, பந்து வந்தால் இரண்டு தொடுதலுக்குள் அனுப்பிவிட வேண்டும் என்னும் 'டூ டச்' விதிதான். பந்து வருமுன்பே சுற்றிலும் பார்த்து முடிவெடுக்க அது பழக்குகிறது என்பதை மறுக்கவில்லை. தேர்ந்த பெரியவர்களுக்கு அது நல்ல பயிற்சி. பத்து வயதுச் சிறுவனோ, முதல் தொடுதலில் பந்து சற்று விலகிப்போனால் அதை மீட்டு எதிராளியைத் தாண்டிச் செல்லக் கற்க வேண்டிய பருவத்தில் இருக்கிறான். ஒரு போட்டிப் பருவம் முழுவதும் நான் எல்லாப் பயிற்சி ஆட்டங்களிலும் இவ்விதியை வைத்திருந்தேன். பாஸ்கள் வேகமெடுத்ததைக் கண்டு மகிழ்ந்தேன். ஆனால் போட்டிகளில், எதிரே ஒரே ஒரு தடுப்பாளர் மட்டும் நின்றபோதும் என் சிறுவர்கள் பந்தைப் பின்னால் தட்டிவிட்டார்கள். பந்தைக் காலோடு கொண்டு எதிராளியைத் தாண்டும் டிரிபிளிங்கில் துணிச்சல்காரனாக இருந்த ஒருவன், விதியை நீக்கிய பிறகும் பல வாரங்கள் தயங்கியே ஆடினான். அவனுக்கு அந்தத் தயக்கத்தைக் கற்றுக்கொடுத்தவன் நான் என்ற வருத்தம் இன்றும் இருக்கிறது.

இப்போது இரு அணியினரின் தொடுதல்களுக்கும் வரம்பு வைப்பதில்லை. இரு அணிகளுக்கும் பொதுவாக நின்று, பந்து யாரிடம் இருக்கிறதோ அவர்களுக்காக ஆடும் நடுநிலை ஆட்டக்காரருக்கு மட்டும் இரண்டு தொடுதல் என்று வைக்கிறேன். சில நாட்களில், எதிராளியைத் தாண்டிச் சென்று அடிக்கும் கோலுக்கு இரண்டு புள்ளி தருகிறேன்.

இனிமேல் பயிற்சி ஆட்டங்களை வெளியிடும்போது, அந்த ஆட்டத்தின் விதி எதை வளர்க்கிறது என்பதோடு எதைக் குறைக்கிறது என்பதையும், எந்த வயதினருக்கு ஏற்றது என்பதையும் சேர்த்தே அச்சிடுமாறு தங்களை வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இளையோர் கால்பந்துப் பயிற்சியாளர் ஒருவர்