செம்பு என் கையில்தான் இருந்தது

அன்புள்ள பாப்பா,

அப்பாவுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது. கொல்லையில் முருங்கை காய்த்துத் தொங்குகிறது, பறிக்கத்தான் ஆளில்லை. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

பொங்கலுக்கு வந்திருந்தபோது காலையில் காபியோடு கதவைத் தட்டினேன். "ஒரு நிமிஷம்மா" என்றாய், வாயில் எதையோ வைத்துக்கொண்டு பேசுகிற குரலில். அப்புறம் 'பீப்' என்று ஒரு சத்தம். காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டேன். "சும்மாதான்" என்றாய்.

குழந்தைக்காக நீ உடம்புச் சூடு பார்த்துக் குறிக்கிறாய் என்று, 31 வருஷம் கிராம சுகாதார செவிலியராக இருந்தவளுக்குத் தெரியாதா, பாப்பா? போனில் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

கண் விழித்ததும், எழுந்து உட்காருவதற்கு முன், தினமும் ஒரே நேரத்தில் சூடு பார். அதற்கு முன் மூன்று நான்கு மணி நேரமாவது விடாமல் தூங்கியிருக்க வேண்டும். நைட் ஷிப்ட் வாரத்துக் கணக்கை நம்பாதே. புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் காட்டுகிற தெர்மாமீட்டராக வாங்கு, ஏறுவதே 0.4 முதல் 1 டிகிரி ஃபாரன்ஹீட்தான். முக்கியமாக, சூடு ஏறட்டும் என்று காத்திருக்காதே. ஏறிவிட்டால் கருமுட்டை ஏற்கெனவே வெளிவந்துவிட்டது என்று அர்த்தம். அது ஒரு நாள்தான் தாங்கும். கருமுட்டை வெளிவருகிற நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாளும்தான் உங்களுக்கு வேண்டியவை. முட்டை வெள்ளைக்கரு போல வழுவழுவென்று வெள்ளை படுகிற நாட்களைக் கவனி, சூட்டுக்கு முன்னால் அதுதான் சொல்லும். இரண்டு மூன்று மாதம் குறித்தால் உன் உடம்பின் கணக்கு பிடிபடும். ஃபோலிக் ஆசிட் 400 மைக்ரோகிராம் தினமும் போடு. நேரத்துக்குச் சாப்பிடு. தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே, அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

எப்போதிலிருந்து முயற்சி என்று கேட்க மாட்டேன். ஒரு வருஷம் தாண்டியிருந்தால் இருவருமாக டாக்டரைப் பாருங்கள். மாப்பிள்ளைக்கும் விந்துப் பரிசோதனை முதலிலேயே செய்துவிட வேண்டும். நீ மட்டும் போய் உட்காராதே.

லீவில் வந்த இடத்திலும் ஒரு நாள் விடாமல் குறிக்கிறாயே, அந்தப் பொறுமை எத்தனை பேருக்கு வரும்! ஆனால் ஊர்ப் பெண்களெல்லாம் தங்கள் குறையை என்னிடம் வந்து சொன்னார்கள். நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்றும் எனக்குத் தெரியும். மீனா வளைகாப்பில் சந்தனம் பூச உன்னைக் கூப்பிடும் நேரம் பார்த்து, பன்னீர்ச் செம்பு மாடியில் இருக்கிறது, எடுத்து வா என்று அனுப்பினேன். செம்பு என் கையில்தான் இருந்தது, புடவைத் தலைப்புக்குள். பெரியத்தை ஏதாவது சொல்லிவிடுவாளோ என்று பயம். நீ வெறுங்கையோடு இறங்கி வந்தாய். செம்பைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். ஒன்றும் கேட்கவில்லை. பெரியத்தை அன்று வாயே திறக்கவில்லை, பாப்பா. குழந்தை இல்லையென்று ஒரு பெண்ணை ஒதுக்காதீர்கள் என்று எத்தனை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசியிருப்பேன். என் பெண்ணை நானே ஒதுக்கினேன்.

என்னை மன்னித்துவிடு. பங்குனித் திருவிழாவுக்கு வா. காலையில் கதவைத் தட்ட மாட்டேன். நீயாக எழுந்து வா, அப்புறம் காபி போடுகிறேன்.

அம்மா