மாதத்தில் ஒரு நாள் வேண்டும்

கடலூர் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், முன்னாள் படைவீரர் நல அலுவலர்களுக்கும் வணக்கம். செயற்கைக் காலையும் காது மெஷினையும் சரிபார்த்துத் தர கடலூரிலேயே மாதம் ஒரு நாள் வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

என் கணவர் காஷ்மீர் எல்லையில் கண்ணிவெடியில் சிக்கி, இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். வலது காதும் அன்றே மங்கிப்போனது. 1944 முதல் இயங்கிவரும் புனே செயற்கை உறுப்பு மையத்தில்தான் கால் பொருத்தி, நடக்கவும் பழக்கி அனுப்பினார்கள். அந்த நன்றியை நாங்கள் மறக்கவில்லை.

ஆனால் செயற்கைக் கால் ஒருமுறை வாங்கிவந்தால் தீர்ந்துபோகிற விஷயமில்லை. இழந்த காலில் மிச்சமிருக்கும் பகுதி, பொழுது ஏற ஏறச் சுருங்கும். அந்தப் பகுதி நுழையும் கிண்ணம்தான் சாக்கெட். காலையில் இறுக்கமாக உட்காரும் சாக்கெட்டுக்கு மதியம் ஒரு காலுறை கூடுதலாக வேண்டும், மாலையில் இரண்டு. அக்னி நட்சத்திர வெயிலில் உள்ளே மாட்டும் சிலிக்கோன் உறையில் வியர்வை தேங்கி வழுக்கும். திண்ணையில் உட்கார்ந்து காலைக் கழற்றுவார், உறையைக் கவிழ்த்து வியர்வையைக் கொட்டுவார், துடைத்து மறுபடி மாட்டுவார். கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பார். ராத்திரி எண்ணெய் தடவும்போது சிவந்துபோன இடத்தைப் பார்ப்பவள் நான்தான்.

பாதத்தையும் சாக்கெட்டையும் இணைக்கும் இடத்தில் சின்னச் சின்னத் திருகுகள் இருக்கின்றன. அதில் அரைச் சுற்று பிசகினாலும் நடை கோணும். போன வருடம் ஒன்று தளர்ந்தபோது, வேறு வழி தெரியாமல் ஒரு வண்டி மெக்கானிக்கிடம் முடுக்கிக்கொண்டோம். பத்து நாளில் இடுப்பு வலி. பிறகு தோல் புண்ணாகி, மூன்று வாரம் ஊன்றுகோல். கடைசியில் புனேவுக்கே ரயில் ஏறினோம். அங்கே அது ஐந்து நிமிட வேலை!

காது மெஷினும் அப்படித்தான். தேவனாம்பட்டினத்துக் கடற்காற்றின் ஈரம் இறங்கி அடிக்கடி அடைத்துக்கொள்கிறது.

சென்னை ஐஐடி 2019-இல் எழுந்து நிற்க உதவும் 'அரைஸ்' சக்கர நாற்காலியையும், 2022-இல் 'கதம்' செயற்கை முழங்காலையும் கொண்டுவந்தது. மனம் நிறைந்த செய்திதான். அவையும் ஒருநாள் தளரும், தேயும். அப்போது பார்த்துத் தர உள்ளூரில் ஆள் வேண்டுமே.

மாதம் ஒரு நாள், கைதேர்ந்த செயற்கை உறுப்பு டெக்னீஷியன் ஒருவரும் காது மெஷின் பார்ப்பவர் ஒருவரும் கடலூருக்கு வர ஏற்பாடு செய்யுங்கள். காலுறை, உறை, திருகு, பேட்டரி எல்லாம் அவர்கள் கையோடு வரட்டும். வரிசையில் பெயரைக் கூப்பிடுவதோடு நிறுத்தாமல், டோக்கன் எண்ணைப் பலகையிலும் காட்டுங்கள். கூப்பிட்டது காதில் விழாமல் முறை தவறிப்போய், மத்தியானம் வரை ஓர் அலுவலகத்தில் அவர் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

தேதியை மட்டும் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்த படைவீரர் குடும்பங்களுக்கு நானே தகவல் சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் படைவீரரின் மனைவி,
தேவனாம்பட்டினம், கடலூர்.