நாற்றங்கால் மட்டும் பசுமையாக இருந்தால் போதாது: பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பொது மேலாளர் பென் செரிங்டன் அவர்களுக்கும் பைரேட்ஸ் நிர்வாகத்தினருக்கும்,

வணக்கம். 2025 பேஸ்பால் சீசன் முடிந்த கையோடு இதை எழுதுகிறேன். அமெரிக்காவின் மேஜர் லீக்கில் உங்கள் அணி அந்த சீசனில் 71 ஆட்டங்களில் வென்று 91இல் தோற்றது. உங்கள் பிட்சர் (பந்து எறிபவர்) பால் ஸ்கீன்ஸ் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 1.97 ரன் மட்டுமே விட்டுக்கொடுத்து, சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை ஒருமனதாக வென்றார். அப்படி எறிந்தவரின் கணக்கில் 10 வெற்றி, 10 தோல்வி! காரணம் ஊரறிந்தது. ஹோம் ரன்னில் (கிரிக்கெட் சிக்ஸர் போல எல்லைக்கு வெளியே பறக்கும் அடி) முப்பது அணிகளில் உங்களுடையதுதான் கடைசி.

இதற்கு ஆண்டுதோறும் வரும் பதில், "மைனர் லீக்கில் நல்ல பையன்கள் வருகிறார்கள், பொறுங்கள்" என்பதே. மைனர் லீக் என்பது மேஜர் லீக்குக்கு வீரர்களைத் தயார்செய்யும் கீழ்மட்ட அணிகள்; அதுதான் உங்கள் நாற்றங்கால். சீசன் முடிவின் நாக்-அவுட் சுற்றான பிளே-ஆஃப் பார்த்து பத்தாண்டு ஆகிவிட்டது; அதன் இறுதியான உலகத் தொடரை வென்றது 1979இல். நாற்றங்கால் பசேலென்று இருக்கிறது என்று எத்தனை வருடம்தான் வரப்பில் நின்று பார்ப்பது?

நியாயமாகச் சொன்னால், நீங்கள் வந்த பிறகு ஒரு பாதி சரியாகியிருக்கிறது. அதற்கு முன் இங்கிருந்து போன பிட்சர்கள் வேறு ஊரில்தான் மலர்ந்தார்கள். 2011 டிராஃப்டில் (அணிகள் புது வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) முதல் ஆளாக எடுத்த கெரிட் கோலை 2018 ஜனவரியில் ஹூஸ்டனுக்கு அனுப்பினார்கள். 2023இல் நியூயார்க் யாங்கீஸ் சட்டையில் அவர் சை யங் வாங்கினார். அதே 2018இல் பிட்சர் கிறிஸ் ஆர்ச்சருக்காக டைலர் கிளாஸ்னோ, ஆஸ்டின் மெடோஸ், ஷேன் பாஸ் மூவரையும் தாரைவார்த்த வயிற்றெரிச்சல் ரசிகர்களுக்கு இன்னும் ஆறவில்லை. இன்றோ ஸ்கீன்ஸ், ஜாரெட் ஜோன்ஸ், பிராக்ஸ்டன் ஆஷ்கிராஃப்ட் என்று வரிசை நீள்கிறது. கல்லூரியில் அமெரிக்கக் கால்பந்து ஆடப் போகவிருந்த பப்பா சாண்ட்லரை 2021இல் மூன்றாம் சுற்றில் பிடித்து முழு பிட்சராக ஆக்கினீர்கள். இது தற்செயலாக நடந்ததல்ல. பயிற்சி முறையை மாற்றியதன் பலன். (2024இல் பாஸ்டனுக்குக் கொடுத்த பிட்சர் க்வின் பிரீஸ்டர் அடுத்த ஆண்டே மில்வாக்கியில் ஜொலித்ததை இங்கே பெரிதுபடுத்தவில்லை.)

பேட்டர்கள் கதை வேறு. 2020இல் ஏழாவது தேர்வு நிக் கொன்சாலஸ், 2021இல் நாட்டிலேயே முதல் தேர்வு ஹென்றி டேவிஸ், 2022இல் நான்காவது தேர்வு டெர்மார் ஜான்சன். மூன்று ஆண்டு, மூன்று உயர்ந்த தேர்வுகள். டேவிஸ் ஸ்டம்புக்குப் பின்னால், மன்னிக்கவும், கிரிக்கெட் பழக்கம், ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் நன்றாகப் பிடிக்கிறார். ஆனால் 2025இல் அவருடைய பேட்டிங் சராசரி .200ஐக்கூட (ஐந்து முயற்சிக்கு ஒரு ஹிட்) எட்டவில்லை. ஜான்சன் 2025 முடியும்வரை மேஜர் லீக்குக்கு வரவில்லை. ஒருவர் சறுக்கினால் அது அவர் குறை எனலாம். வரிசையாக எல்லோரும் திணறினால், கேள்வி சொல்லிக்கொடுப்பவர்களை நோக்கித்தான் திரும்பும். மைனர் லீக் இளம் வீரர்களை மதிப்பிடும் தரவரிசைப் பட்டியல்களில் உங்கள் பெயர் உயர்வதைப் பற்றிப் பெருமைப்படுகிறீர்கள். அந்தப் பட்டியல்கள் பையனின் திறமையை அளக்கின்றன. உங்கள் வளர்ப்பை அளப்பதில்லை.

அதனால்தான் கானர் கிரிஃபினை நினைத்தால் ஆசையும் அச்சமும் சேர்ந்தே வருகின்றன. 2024இல் மிசிசிப்பியின் பள்ளி மைதானத்திலிருந்து ஒன்பதாவது தேர்வாக வந்த ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்கும் ஃபீல்டர்). 2025இல் உங்கள் மைனர் லீக் அணிகளான பிராடன்டன், கிரீன்ஸ்போரோ, அல்டூனா என்று ஒரே ஆண்டில் மூன்று படி ஏறி, .333 சராசரி, 21 ஹோம் ரன், 65 பேஸ் திருட்டு (பந்து அடிபடாமலேயே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வது). கிரீன்ஸ்போரோ மைதானம் அடிப்பவர்களுக்குச் சாதகமானது என்று தள்ளுபடி செய்ய நினைத்தேன். அல்டூனாவிலும் கை குறையவில்லை. ஆனால் அங்கே ஆடியது சில வாரங்கள்தான், மைனர் லீக்கின் உச்சப் படியான ட்ரிபிள்-ஏ ஆடவே இல்லை. இன்னும் சில மாதம் பழகட்டும் என்று பயிற்சியாளர்கள் சொன்னால் ஏற்றுக்கொள்வேன்.

ஏற்க முடியாதது நாட்காட்டிக் கணக்கு. 172 நாள் மேஜர் லீக்கில் இருந்தால் ஓர் ஆண்டுச் சேவை, ஆறு ஆண்டு சேர்ந்தால் வீரருக்கு விடுதலை, எந்த அணிக்கும் போகலாம். எனவே ஏப்ரலில் சில வாரம் கீழே நிறுத்தினால் அணிக்கு ஓர் ஆண்டு லாபம் என்பது பழைய தந்திரம். அணிகளும் வீரர் சங்கமும் போட்ட 2022 ஒப்பந்தம் அதன் கூர்மையை மழுக்கிவிட்டது. அதற்கு உங்கள் அணியே சாட்சி. ஸ்கீன்ஸை 2024 மே 11 அன்றுதான் இறக்கினீர்கள். அவர் சிறந்த புதுமுக வீரர் விருதை வென்றதால் முழு ஆண்டுச் சேவையும் அவருக்குக் கிடைத்தது. தொடக்கத்திலிருந்தே அவர் அணியில் இருந்திருந்தால் உங்களுக்குக் கிடைத்திருக்கக்கூடிய கூடுதல் டிராஃப்ட் தேர்வும் போயிற்று. மிச்சப்படுத்தப் போய் இரண்டையும் இழந்தீர்கள்.

இந்தியாவில் பலர் உங்கள் பெயரை முதலில் கேட்டது 2008இல், பேஸ்பாலே அறியாத ரிங்கு சிங்கையும் (கிரிக்கெட் வீரர் அல்ல) தினேஷ் படேலையும் ஒப்பந்தம் செய்தபோது. அவர்கள் மேல்மட்டம் வரை போகவில்லை. ஆனாலும் யாரும் தேடாத இடத்தில் தேடும் துணிவு அன்று உங்கள் அணிக்கு இருந்தது. அதில் கொஞ்சத்தை இப்போது பேட்டிங் பயிற்சியில் காட்டலாம்.

நான் கேட்பது இவ்வளவே. பிட்சிங்கில் செய்த மாற்றத்துக்கு ஒதுக்கிய ஆட்களையும் பணத்தையும் பேட்டிங்குக்கும் ஒதுக்குங்கள். கிரிஃபின் எப்போது மேலே வருகிறார் என்பதைப் பயிற்சியாளர்கள் முடிவு செய்யட்டும். அவரைக் கீழே வைத்திருந்தால், எதைக் கற்பதற்காக என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அணியை விட்டுவிட மனம் வராத ஒரு ரசிகன்