கோடு எண்ணையும் பில்லில் எழுதிக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மதுரை ஒத்தக்கடையில் நான்கு சக்கர வாகனங்களுக்கு மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறேன். கார்பரேட்டர் காலத்தில் தொழில் பழகியவன். டேஷ்போர்டில் செக் என்ஜின் லைட் (என்ஜினில் குறை என்று காட்டும் மஞ்சள் விளக்கு) எரிகிறது என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது, "இதுக்கு முன்னாடி யாராவது ஸ்கேனர் போட்டு அழிச்சாங்களா?" என்பதைத்தான். பெரும்பாலும் "ஆமாண்ணே, போன மாசம் அழிச்சுக் கொடுத்தாங்க, திரும்ப வந்துருச்சு" என்றுதான் பதில் வரும். பழுதைப் பார்க்காமல், வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்த கோளாறுக் குறியீட்டை (கோடு, code) ஸ்கேனர் கருவியால் அழிக்கிற இந்தப் பழக்கத்தால் மக்கள் வீணாகக் காசு இழக்கிறார்கள், ஊரில் புகையும் கூடுகிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பி.எஸ்.6 (பாரத் ஸ்டேஜ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டிகள்தான் விற்பனை. 2023 ஏப்ரலில் விதி இன்னும் இறுகியது. வண்டியில் உள்ள கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டே தன் புகைக் கட்டுப்பாட்டைத் தானே சோதித்துக்கொள்கிறது. அதில் குறை தெரிந்தால் ஒரு கோடு எண்ணைப் பதிந்து மஞ்சள் விளக்கை எரியவிடும். கூடவே அந்த நொடியில் என்ஜின் எத்தனை சுற்று, என்ன வேகம், எவ்வளவு சூடு, எவ்வளவு பாரம் என்பதையும் படம்பிடித்து வைத்துக்கொள்ளும். மெக்கானிக்குக் கிடைக்கிற முதல் சாட்சி அதுதான். அழித்தால் எண்ணோடு அந்தச் சாட்சியும் போய்விடும். பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினாலும் பல வண்டிகளில் இதே கதிதான்.

அழித்ததும் விளக்கு அணைந்துவிடும். பல கோளாறுகளுக்கு அடுத்தடுத்து இரண்டு ஓட்டத்தில் அதே குறை தெரிந்தால்தான் விளக்கு மறுபடி எரியும். சில சோதனைகளைக் கம்ப்யூட்டர் எல்லா நேரமும் செய்யாது. புகையில் உள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் கேடலிட்டிக் கன்வெர்ட்டரின் சோதனைக்கு என்ஜின் நன்றாகச் சூடாகி, வண்டி சீரான வேகத்தில் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். கோரிப்பாளையம், சிம்மக்கல் நெரிசலில் அதற்கு வாய்ப்பே இல்லை.

மேலூர் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தன் பெட்ரோல் காரோடு வந்தார். "தம்பி, ஊருக்குள்ள ஓட்டுனா லைட் வர்றதே இல்ல. திருச்சி ரோட்ல மகளைப் பார்க்கப் போனா வந்துருது. அந்தப் பக்கம் பங்க்ல பெட்ரோல் சரியில்லையோ?" என்று கேட்டார். பெட்ரோலில் ஒன்றும் இல்லை. நான்குவழிச் சாலையில் ஏறிய பிறகுதான் அந்தச் சோதனையே நடந்திருக்கிறது. வேறோர் இடத்தில் ஏற்கெனவே ஆக்ஸிஜன் சென்சாரை (புகையில் உள்ள ஆக்ஸிஜனை அளப்பது) மாற்றி, இரண்டு தடவை அழித்து, கடைசியில் கன்வெர்ட்டரே போய்விட்டது என்று முப்பதாயிரத்துக்கு மேல் எஸ்டிமேட் கொடுத்திருந்தார்கள். கோடு பி 0420. கன்வெர்ட்டரின் திறன் குறைவாகத் தெரிகிறது என்று மட்டும்தான் அது சொல்கிறது. கன்வெர்ட்டரை மாற்று என்று எந்தக் கோடும் சொல்வதில்லை.

கன்வெர்ட்டருக்கு முன்னால் ஓர் ஆக்ஸிஜன் சென்சார், பின்னால் ஓர் ஆக்ஸிஜன் சென்சார். சாதாரண வகை சென்சாராக இருந்தால் முன்னது 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே வேகமாக ஏறி இறங்கும். பின்னது ஏறக்குறைய நிலையாக நிற்க வேண்டும், அதுவும் ஏறி இறங்கினால் கன்வெர்ட்டரின் மேல் சந்தேகம் வரும். சாரின் காரில் பின்னது அவ்வப்போது சரிந்தது. ஆனால் முன்னதைப் போல ஒழுங்காக ஆடவில்லை. அதனால் புகைக் குழாயின் இணைப்புகளைப் பார்த்தேன். பின் சென்சாருக்கு முன்னால் குழாய்களைப் போல்ட் போட்டு இணைக்கும் ஃபிளேஞ்சில் கரி படிந்த தடம் தெரிந்தது. ஆறிய என்ஜினை ஸ்டார்ட் செய்து, சைலன்ஸர் வாயைத் துணியால் லேசாக அடைத்து, இணைப்பில் சோப்புத் தண்ணீர் ஊற்றியதும் குமிழி வந்தது. அந்த இடுக்கு வழியாக வெளிக்காற்றும் உள்ளே போகும், சென்சார் அதையும் சேர்த்தே படிக்கும். கேஸ்கெட்டும் போல்ட்டும் மாற்றினோம். செலவு சில நூறு ரூபாய். அப்புறம் அதே திருச்சி ரோட்டில் ஓட்டி, சோதனை முழுதாக முடிந்ததா என்று ஸ்கேனரிலேயே பார்த்துவிட்டுத்தான் வண்டியைக் கொடுத்தேன்.

பி 0171 என்ற கோடும் இப்படித்தான். கலவையில் காற்று அதிகம் என்று சென்சார் தகவல் கொடுக்கிறது. சேதி கொண்டுவந்தவனை அடிப்பது போல அந்தச் சென்சாரையே கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். ஐடிலில், அதாவது ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் என்ஜின் சும்மா ஓடும்போது, ஃபியூல் டிரிம் (கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு) அதிகமாக இருந்து, 2500 சுற்றுக்கு ஏற்றினால் குறைகிறதா? ஏதோ ஒரு வேக்குவம் ஹோஸ் (என்ஜினின் காற்றுக் குழாய்) விரிசல் விட்டிருக்கலாம். பாரம் ஏற ஏற டிரிம்மும் கூடுகிறதா? பெட்ரோல் பம்பையும் ஃபில்டரையும் பாருங்கள். சோழவந்தான், மேலூர் பக்கம் அறுப்புக் காலத்தில் எலி கடித்த சென்சார் வயரோடு வரும் வண்டிகளும் உண்டு. போனட்டைத் திறந்து டார்ச் அடித்தாலே தெரிகிற பழுது அது.

அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துவிட்டு பெட்ரோல் டேங்க் மூடியை மாற்றச் சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த நாட்டு விதிப்படி டேங்கிலிருந்து ஆவி கசிகிறதா என்று வண்டியே சோதிக்க வேண்டும். நம் விதிகள் ஐரோப்பிய வழியில் வந்தவை, அந்தக் கசிவுச் சோதனையைக் கட்டாயமாக்கவில்லை. ஆகவே இங்கே மூடியிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. டேங்க் ஆவியை என்ஜினுக்குள் விடும் பர்ஜ் வால்வும் அதன் வயரும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

விளக்கு நிலையாக எரிந்தால் நிதானமாக ஷெட்டுக்கு வரலாம். விட்டுவிட்டு மின்னினால் ஆக்ஸிலேட்டரை மிதிக்காதீர்கள், ஓரங்கட்டுங்கள். ஏதோ ஒரு சிலிண்டர் மிஸ் ஆகிறது என்று அர்த்தம். எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து உள்ளிருக்கும் செராமிக்கையே உருக்கிவிடும். பிளாட்டினம், பலேடியம், ரோடியம் பூசிய பொருள், விலை அதனால்தான் அப்படி. ஒரு பிளக்கோ காயிலோ போட்டு முடிய வேண்டிய வேலை பல ஆயிரத்தில் போய் நிற்கும்.

டீசல் வண்டிகளைப் பற்றிச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. மாட்டுத்தாவணிக்குப் பூ ஏற்றிவரும் சிறு வண்டிகளில் டிபிஎஃப் (டீசல் புகையில் உள்ள கரியைப் பிடித்து வைக்கும் ஃபில்டர்) அடைத்துக்கொள்கிறது. அதில் சேரும் கரியை எரிக்க ஏறக்குறைய 600 டிகிரி சூடு வேண்டும். சின்னச் சின்ன ஓட்டத்தில் அந்தச் சூடு வருவதில்லை, வந்தாலும் பாதியில் என்ஜினை அணைத்துவிடுகிறோம். அதற்கு வழி நல்ல சாலையில் சீராக ஓட்டுவது, கம்பெனி சொல்லும் சாம்பல் குறைந்த ஆயிலையே ஊற்றுவது. அப்படியும் அடைத்தால் பிரஷர் சென்சாருக்குப் போகும் இரண்டு சின்ன ரப்பர் குழாய்களையும், புகையில் ஒரு பகுதியை மறுபடி என்ஜினுக்குள் அனுப்பும் இஜிஆர் வால்வையும், இன்ஜெக்டரையும் சோதிக்க வேண்டும். ஆனால் டிபிஎஃப்பைக் குடைந்து காலி செய்துவிட்டு, விளக்கு எரியாதபடி சாஃப்ட்வேரை மாற்றிக் கொடுக்கிறார்கள். இது சட்டத்துக்கு விரோதம். அந்தக் கரிப்புகையை மார்க்கெட்டில் விடிய விடிய உட்கார்ந்து பூக் கட்டும் பெண்கள்தான் சுவாசிக்கிறார்கள்.

புகைச் சோதனைச் சான்றிதழ் இருக்கிறதே என்பார்கள். பி.எஸ்.6 பெட்ரோல் காருக்கு ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம் தாண்டக் கூடாது என்பது அளவு. நின்ற இடத்தில் எடுக்கும் அளவு அது. மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருக்கிற காரும் அதில் தேறிவிட முடியும். சான்றிதழ் கொடுக்கும் முன் சாவியைத் திருப்பி டேஷ்போர்டையும் ஒருமுறை பார்க்க வேண்டும். சாவி போட்டதும் விளக்கு எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் யாரோ அதில் கை வைத்திருக்கலாம். பழைய கார் வாங்குகிறவர்களும் இதைக் கவனியுங்கள். ஸ்கேனரில் சோதனைகள் முடியவில்லை என்று காட்டினால், அண்மையில் அழித்திருக்கலாம் என்று பொருள். சில நாள் ஓட்டிப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

வாடிக்கையாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கோளாறைத் தேடுவதற்கு இரண்டு மணி நேரம் ஆகிறது. அதற்குக் கூலி கேட்டால், "பார்த்ததுக்கே காசா?" என்கிறீர்கள். ஐயாயிரம் ரூபாய் சென்சாருக்கு யாரும் அப்படிக் கேட்பதில்லை. அதனால்தான் பல ஷெட்டுகளில் தேடுவதை விட்டுவிட்டுப் பொருளை மாற்றுகிறார்கள். தேடும் கூலியைக் கொடுங்கள். பதிலுக்கு என்ன கோடு வந்தது, அந்த நொடியின் அளவுகள் என்ன, எதைச் சோதித்தார்கள் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். நான் எழுதிக் கொடுக்கிறேன். எல்லா ஷெட்டுகளும், கம்பெனி சர்வீஸ் சென்டர்களும் எழுதிக் கொடுக்க வேண்டும். அடுத்த மெக்கானிக் முதலிலிருந்து ஆரம்பிக்காமல் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்.

புதூர் அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில், எங்களைப் போல ஷெட்டிலேயே தொழில் பழகியவர்களுக்கு ஸ்கேனர் கிராஃப் படிக்க மாலை நேர வகுப்பு ஒன்று நடத்த மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும். கழற்றிப் போட்ட சென்சார்களும் எலி கடித்த வயர்களும் என்னிடம் நிறையக் கிடக்கின்றன. பாடம் நடத்த அவை வேண்டுமென்றால் கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
கார் மெக்கானிக் ஒருவர்,
ஒத்தக்கடை, மதுரை.