புராணக் கட்டுரைகளுக்கு மூலநூல் குறிப்பு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புராணப் பாத்திரங்களைப் பற்றி ஐயம் எழுந்தால் அபிதான சிந்தாமணி என்னும் பழைய தமிழ்க் கலைக்களஞ்சியத்தைப் புரட்டிய காலம் போய், இன்று பெரும்பாலோர் விக்கிப்பீடியாவைத் திறக்கிறார்கள். ஒரு பெயரிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிச் செல்லும் இவ்வாசிப்பு வரவேற்கத்தக்கதே. ஆனால், தாவும் வேகத்தில் எந்தக் கதை எந்த நூலுக்குரியது என்பது தப்பிவிடுகிறது.

அரவானை எடுத்துக்கொள்வோம். அருச்சுனனுக்கும் நாககன்னி உலூபிக்கும் பிறந்த இவன், வியாச பாரதத்தின் பீஷ்ம பருவத்தில், எட்டாம் நாள் போரில் அலம்புசன் என்னும் அரக்கனால் கொல்லப்படுகிறான். போரில் வெல்வதற்காகத் தரும் களப்பலி என்ற பேச்சே அங்கு இல்லை. பாண்டவர் வெற்றிக்காகக் காளிக்குப் பலியானான் என்னும் செய்தி, 9ஆம் நூற்றாண்டில் பெருந்தேவனார் பாடிய பாரத வெண்பாவில் இருக்கிறது; பின்னர் வில்லிபுத்தூராரும் அதைப் பாடினார். மோகினியாக வந்து கண்ணன் அவனை மணந்த கதையோ கோயில் வழக்கில் வாழ்வது. சித்திரையில் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கூவாகத்தில் திருநங்கையர், கூத்தாண்டவர் என அங்கு வணங்கப்படும் அரவானுக்காகத் தாலி கட்டிக்கொள்வதும் பின் அதை அறுப்பதும் அக்கதையை ஒட்டியே. வெட்டுண்ட தலை பதினெட்டு நாள் போரையும் பார்த்தது என்பதும் வழக்கில் வந்ததே. அவ்விடத்திலிருந்து இணைப்பைப் பிடித்துச் சென்றால், ராஜஸ்தானத்தில் காட்டூ ஷியாம் என வணங்கப்படும், பீமனின் பேரனான பார்பரிகனை அடையலாம். அவன் தலையும் போரைப் பார்த்தது. அவனும் வியாசரிடம் இல்லை, கந்த புராணத்து வடமொழி மூலத்தில் இருக்கிறான்.

இவ்வளவையும் ‘மகாபாரதத்தின்படி’ என்ற ஒற்றைத் தொடரில் அடக்கிவிட்டால், தமிழ்ப் புலவர்களும் கூத்துக் கலைஞர்களும் சேர்த்தது எது என்பதே மறைந்துவிடும். அரவானைப் பற்றிய ஆங்கில விக்கிப்பீடியாக் கட்டுரை இவற்றைப் பிரித்துக் காட்டுகிறது. அதற்குப் பெரிதும் துணை நிற்பது, செஞ்சி வட்டாரத் திரௌபதி வழிபாட்டை ஆராய்ந்த அமெரிக்கர் ஆல்ஃப் ஹில்டெபைட்டலின் எழுத்து. நம் ஊர்க் கூத்தை நாமே ஆங்கிலத்தின் வழியாக அறிய வேண்டியிருப்பது சற்றே உறுத்துகிறது.

விக்கிப்பீடியாவில் எழுதுவோர் சொந்த விளக்கத்தைச் சேர்க்க இடமில்லை. ஏற்கெனவே வெளியான நம்பகமான சான்று வேண்டும். எனவே தமிழாசிரியர்கள், தாம் பாடம் நடத்தும் காப்பியங்களிலிருந்து பருவம், சருக்கம், பாடல் எண் ஆகியவற்றைத் தமிழ்க் கட்டுரைகளில் குறிக்க முன்வர வேண்டும். கோயில்களில் வாய்மொழியாக வழங்கும் கதைகளுக்கு இந்த வழி உதவாது. அவற்றை மாணவர்களைக் கொண்டு தொகுத்துப் பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகள் நூலாக வெளியிட்டால் அவையும் சான்றாக ஏற்கப்படும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
விழுப்புரம்.