நீராவி எஞ்சினிடம் கரும்புகை கேட்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதுப்பிக்கப்பட்டு மீண்டும் ஓடத் தொடங்கியிருக்கும் நீராவி எஞ்சின்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான படத்தொகுப்பை மகிழ்ச்சியோடு பார்த்தேன். இத்தகைய பொருளுக்கு இரண்டு முழுப் பக்கங்களை ஒதுக்கிய ஆசிரியர் குழுவுக்கு முதலில் என் நன்றி. எனினும், வெளியான ஒன்பது படங்களில் ஏழில் கண்ணை நிறைத்தது எஞ்சின் அன்று. அதன் புகைபோக்கியிலிருந்து எழுந்து வானத்தை மறைத்த கரும்புகை. அவற்றுள் மிகப் பெரிய படத்தின் கீழே ‘கம்பீரம்’ என்ற ஒற்றைச் சொல் அச்சிடப்பட்டிருந்தது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இவ்வண்டிகளைப் படமெடுத்து வருபவன் என்ற முறையில், அந்தச் சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை.

கரும்புகை என்பது எஞ்சினின் வலிமைக்கு அடையாளம் அன்று. உலையில் நிலக்கரி முழுதாக எரியவில்லை என்பதே அதற்குப் பொருள். ஒரே நேரத்தில் அதிகமாகக் கரியை அள்ளிப் போட்டாலோ போதிய காற்று உள்ளே செல்லாவிட்டாலோ, எரியாத கரித்துகள்கள் புகைபோக்கி வழியே வெளியேறுகின்றன. தேர்ந்த பயர்மேன் கரியைக் கொஞ்சம் கொஞ்சமாக, ஆனால் அடிக்கடி, தீ மெலிந்து தெரியும் இடம் பார்த்துப் பரப்புவார். அப்போது புகைபோக்கியின் மேல் மெல்லிய சாம்பல் நிறத் திரை ஒன்றுதான் தெரியும். இந்த வண்டிகள் அன்றாடம் ஓடிய காலத்தில், தேவையில்லாமல் புகை கக்க விட்ட பயர்மேன் கண்டிக்கப்பட்டார். கரி வீணாகிறது என்பதற்கு அதைவிட வெளிப்படையான சான்று வேறில்லை. மேலும், எரியாத அந்தக் கரித்துகள் கொதிகலனின் குழாய்களில் படிந்து வெப்பம் நீருக்குப் போவதைத் தடுக்கிறது. நாம் இன்று கம்பீரம் என்று வியப்பதைக் கண்டால், அந்தத் தலைமுறைத் தொழிலாளர்கள் முகம் சுளித்திருப்பார்கள்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. எண்ணெயில் ஓடும் எஞ்சின்களில், குழாய்களில் படிந்த கரியை அகற்றுவதற்காக, எஞ்சின் முழு இழுப்பில் இருக்கும்போது உலைக்குள் சிறிதளவு மணலை இடுவார்கள். மணல் குழாய்களைத் தேய்த்துக்கொண்டு போகையில் அடர்ந்த கரும்புகை சில நேரம் வெளிவரும். அது பராமரிப்பு வேலையின் ஒரு பகுதி. அதைப் படமெடுப்பதில் குறையில்லை. என்ன நடக்கிறது என்பதைப் படக்குறிப்பில் ஒரு வரி சொன்னால் போதும்.

ஆனால் இன்று நாம் காணும் கரும்புகையில் பெரும்பகுதி புகைப்படக்காரர்களுக்காகவே செய்யப்படுவது. இதை நான் பிறரைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. சில ஆண்டுகளுக்கு முன், புகைப்படக்காரர்களுக்கென்றே ஏற்பாடு செய்யப்பட்ட ஒரு சிறப்பு வண்டியில் நானும் போயிருந்தேன். இத்தகைய பயணங்களில் வண்டி நல்ல வளைவு ஒன்றில் நின்று எங்களை இறக்கிவிடும். நாங்கள் தண்டவாளத்திலிருந்து தள்ளி வரிசையாக நின்றதும், பின்னோக்கிச் சென்று, மீண்டும் வேகமெடுத்து எங்களைக் கடந்து வரும். முதல் ஓட்டத்தில் அந்த எஞ்சின் வந்த வரவை இன்றும் மறக்கவில்லை. ஒவ்வொரு மூச்சும் தனித்தனியே காதில் விழுந்தது. புகைபோக்கியின் மேல் வெண்ணிற ஆவி முடிச்சு முடிச்சாக அவிழ்ந்து பின்னால் மறைந்தது. ஆனால் வரிசையில் பாதிப் பேர் ‘புகையே இல்லையே!’ என்று குரல் கொடுத்தார்கள். நானும் குரல் கொடுத்தேன். இரண்டாம் ஓட்டத்தில் நாங்கள் கேட்டது கிடைத்தது. காற்று திசைமாறியதால் அந்தப் புகை முழுவதும் பின்னால் வந்த பழைய மரப்பெட்டிகளின் மேல் கவிந்தது. அந்தப் பெட்டிகளின் பலகைகளை மாதக்கணக்கில் இழைத்து வார்னிஷ் பூசிய தன்னார்வலர்கள் சிலர் எங்கள் அருகிலேயே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாலையில் பயர்மேன் என்னை எஞ்சினில் ஏற்றி, உலைக் கதவைத் திறந்து, வெண்மஞ்சளாகச் சீராகப் பரவியிருந்த தீயைக் காட்டினார். ‘காலையிலிருந்து பாடுபட்டு இப்படி வைத்திருந்தேன். மத்தியானம் உங்களுக்காக நானே அதைக் கெடுத்தேன்’ என்று அமைதியாகச் சொன்னார். அதற்குப் பிறகு நான் யாரிடமும் புகை கேட்டதில்லை.

ஓர் எஞ்சினை மீண்டும் ஓட வைப்பதற்கு ஆகும் உழைப்பை நினைத்தால் இந்த வருத்தம் இன்னும் கூடுகிறது. அமெரிக்காவின் யூனியன் பசிபிக் நிறுவனத்தின் ‘பிக் பாய்’ வகையைச் சேர்ந்த 4014 எண் எஞ்சின் 1941இல் கட்டப்பட்டது. ஓய்வுபெற்றபின் பல பத்தாண்டுகள் கலிபோர்னியாவில் காட்சிப் பொருளாக நின்ற அதை 2013இல் திரும்பப் பெற்று, மறுஆண்டு ஷயென் நகரத்துப் பணிமனைக்குக் கொண்டுசென்று, பிரித்துச் சீரமைத்து, 2019 மே மாதத்தில்தான் மீண்டும் ஓட்டினார்கள். அப்படி உயிர்பெற்ற எஞ்சினுக்கும் ஓடும் நாட்கள் எண்ணப்பட்டவையே. அமெரிக்க விதிகளின்படி, ஒரு நீராவி எஞ்சின் 1,472 நாட்கள் பணியாற்றியதும், அல்லது 15 ஆண்டுகள் கழிந்ததும், இவற்றில் எது முந்துகிறதோ அப்போது, கொதிகலனை முழுமையாகத் திறந்து சோதிக்க வேண்டும். பிரிட்டனிலும் ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்கு ஒருமுறை இத்தகைய பெரிய சீரமைப்பு நடக்கிறது. எரிபொருளுக்கும் தட்டுப்பாடு வந்துவிட்டது. பிரிட்டனின் பாரம்பரிய ரயில்களுக்கு நல்ல கரி தந்துவந்த, வேல்ஸ் பகுதியின் ஃபோஸ்-எ-ஃப்ரான் சுரங்கம் 2023 நவம்பரில் மூடப்பட்டது. எண்ணி எண்ணிச் செலவிட வேண்டிய நாட்களையும் கரியையும் ஒரு படத்துக்காகப் புகையாக்கச் சொல்வது சரியன்று.

ரயில் நிர்வாகங்களே ஒரு காலத்தில் புகையோடு போராடின என்பதற்கு மிகப் புகழ்பெற்ற எஞ்சின் ஒன்றே சாட்சி. 1923இல் இங்கிலாந்தின் டான்காஸ்டரில் கட்டப்பட்ட ‘ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன்’, 1934 நவம்பர் 30 அன்று மணிக்கு 100 மைல் வேகத்தைத் தொட்டபோது, இளம்பச்சை நிறத்தில் 4472 என்ற எண்ணைத் தாங்கியிருந்தது. பிற்காலத்தில் அதற்கு இரட்டைப் புகைபோக்கி பொருத்தப்பட்டபோது, எஞ்சினின் மூச்சு, அதாவது புகைபோக்கி வழியே வெளியேறும் ஆவியின் வீச்சு, மென்மையாகிவிட்டதால் புகை மேலெழாமல் தாழ்ந்து வந்து டிரைவரின் பார்வையை மறைத்தது. அதைத் தூக்கி விலக்கவே இரு பக்கமும் தகடுகள் வைக்கப்பட்டன. பெரும் சீரமைப்புக்குப் பின் 2016இல் அது திரும்பி வந்தபோது, அந்தத் தகடுகளோடும் அடர்பச்சை நிறத்தோடும் 60103 என்ற எண்ணோடும் வந்தது. அந்தத் தோற்றத்தைப் படமெடுத்து ‘1930களின் எஞ்சின் இதோ’ என்று எழுதினால், எஞ்சின் சரியானதாக இருந்தும் செய்தி தவறாகிவிடும். எந்தக் காலத்துத் தோற்றத்தில் நிற்கிறது என்பதைச் சொல்வதும் படத்தின் பொறுப்புகளில் ஒன்று.

புகையை விட்டுவிட்டால் படமெடுக்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு, நீராவி இருக்கிறது என்பதே என் பதில். உண்மையில் நீராவியைக் கண்ணால் காண முடியாது. வெளிக்காற்றில் குளிர்ந்து நுண்ணிய நீர்த்துளிகளாக மாறும்போதுதான் அது வெண்மையாகத் தெரிகிறது. ஆகவேதான் வெயில் உச்சியில் இருக்கும்போது கடுமையாக உழைக்கும் எஞ்சினும் வெறுமையாகத் தோன்றுகிறது. குளிர்ந்த விடியற்காலையில் மெதுவாக நகரும் எஞ்சின்கூட மேகம் சுமந்து வருவதுபோல் தோன்றுகிறது. படமெடுப்பவர் செய்ய வேண்டியது பயர்மேனைத் தொந்தரவு செய்வதன்று, முன்னதாக எழுந்திருப்பது. வண்டி புறப்படும் நொடியில், சிலிண்டர்களில் தேங்கிய நீரை வெளியேற்றுவதற்காக அடியிலுள்ள குழாய்கள் திறக்கப்படும்போது, இருபுறமும் பீறிடும் வெள்ளை ஆவி, அதுவும் எதிர்வெயிலில், எந்தக் கரும்புகைக்கும் குறைந்ததன்று. 1955 முதல் 1960 வரை அமெரிக்காவின் நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில்வேயின் கடைசி நீராவி வண்டிகளைப் படமெடுத்த ஓ. வின்ஸ்டன் லிங்க், இரவில் பல பிளாஷ் பல்புகளை ஒரே நொடியில் எரியவைத்து வேலை செய்தார். இருண்ட வானத்தின் முன் கரும்புகை தெரியாது. ஒளி பட்ட வெண்மை மட்டுமே தெரியும். அந்த வெண்மையை நம்பி எடுத்த படங்களைப் பார்ப்பதற்காகவே இன்றும் ரோனோக் நகரத்துப் பழைய ரயில் நிலையத்தில் அமைந்த அருங்காட்சியகத்துக்கு மக்கள் போகிறார்கள்.

எஞ்சினின் உடலும் இருக்கிறதே! இரண்டு மீட்டர் விட்டமுள்ள சக்கரம் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு இரண்டரைச் சுற்றுக்கும் மேல் சுழல்கிறது. சக்கரங்களை இணைக்கும் தண்டு தாழ்ந்து நிற்கும் கணத்தில்தான் எஞ்சினின் பக்கத்தோற்றம் நிறைவாக அமையும்; நொடிக்குப் பத்துப் படம் எடுக்கும் கேமராவிலும் ஒரு சுற்றுக்கு நான்கு படங்களுக்கு மேல் தேறாது என்பதால், அந்தக் கணத்தைக் கண்ணும் காதும் சேர்ந்து பிடிக்க வேண்டியிருக்கிறது. கறுப்பு வண்ண இரும்பும் வெள்ளை ஆவியும் ஒரே சட்டத்தில் இருப்பதால் எக்ஸ்போஷர், அதாவது கேமராவுக்குள் விடும் ஒளியின் அளவைக் கணிப்பது, கடினம். ஆவியின் வெண்மை வெளிறிப் போகாதபடி வைத்து எடுத்து, இரும்பின் நிழல்களைப் பிறகு சற்றே உயர்த்துவதே என் வழக்கம். அதற்கு மேல் கணினியில் கை வைப்பதில்லை. எடுக்கும்போது இல்லாத புகையை மென்பொருளால் வரைந்து சேர்க்கும் வழக்கம் பரவி வருவது எனக்குப் பெரும் கவலை. அத்தகைய படத்தைத் தங்கள் பக்கங்களில் ஆவணம் என்ற பெயரில் இடம்பெற விடாதீர்கள்.

பாதுகாப்பைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். 2024 ஜூன் மாதத்தில், மெக்சிகோவின் இடால்கோ மாநிலத்தில், 1930இல் கட்டப்பட்ட 2816 எண் நீராவி எஞ்சின் கடந்தபோது, தண்டவாளத்துக்கு மிக அருகில் இருந்து தன்படம் எடுக்க முயன்ற ஒரு பெண் அடிபட்டு இறந்தார். எஞ்சினின் உடல் தண்டவாளத்தைவிட அகலமானது; பக்கவாட்டில் நீண்டிருக்கும் பாகங்கள் எதிரே நின்று பார்ப்பவருக்குத் தெரிவதில்லை. மிக நெருக்கத்தில் எடுத்த படங்களை அச்சிடும்போது, அவை அனுமதி பெற்ற இடத்திலிருந்து எடுக்கப்பட்டவையா என்று கேட்டறிவது நல்லது.

இனி இத்தகைய தொகுப்பு வெளியாகும்போது, ஒவ்வொரு படத்தின் கீழும் எஞ்சினின் எண், கட்டிய இடம், கட்டிய ஆண்டு, மீண்டும் ஓடத் தொடங்கிய ஆண்டு ஆகியவற்றை அச்சிடுமாறு வேண்டுகிறேன். 1855இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் கட்டப்பட்ட, இந்திய ரயில்வேயின் ‘ஃபேரி குயின்’ எஞ்சின் 1997இல் மீண்டும் ஓடியது என்ற ஒரு வரி, ‘கம்பீரம்’ என்ற சொல்லைவிட வாசகருக்கு அதிகம் சொல்லும்.

இக்கடிதத்துடன் நான் எடுத்த படம் ஒன்றை இணைத்திருக்கிறேன். விடியலுக்கு முன், கொதிகலனில் அழுத்தம் இன்னும் ஏறாத வேளையில், ஷெட்டின் உள்ளே ஒரு பயர்மேன் மண்வாரியைச் சுவரில் சாய்த்துவிட்டு அழுத்தமானியைப் பார்த்தபடி காத்திருக்கிறார். உலைக் கதவின் இடுக்கிலிருந்து வரும் ஒளி மட்டுமே அவர் முகத்தில் விழுகிறது, புகை இல்லை. இடம் இருந்தால் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்