ஃபிரிப்பின் முதல் தந்தி 'ஜி', 'பி' அல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கிங் கிரிம்சன் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் கிட்டார் கலைஞர் ராபர்ட் ஃபிரிப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ப்ராக்ரெசிவ் ராக் இசைக்குத் தமிழில் இத்தனை பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஆனால் கூடவே வந்த பெட்டிச் செய்தியை நம்பி யாராவது கிட்டாரின் முறுக்காணியைத் திருகினால் தந்தி அறுந்து முகத்தில் அடிக்கும். அதனால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஃபிரிப்பின் சுருதியமைப்பை, தடித்த தந்தியில் தொடங்கி, மேற்கத்திய சுரப்பெயர்களில் சி, ஜி, டி, ஏ, இ, பி என்று போட்டிருக்கிறீர்கள். கடைசி சுரம் ஜி. தடித்த ஐந்து தந்திகளும் ஒன்றுக்கொன்று ச–ப உறவில் நிற்கின்றன. அந்த வரிசைப்படி கடைசியாக, மிக மெல்லிய தந்தியில், வரவேண்டியது 'பி'தான். ஃபிரிப்பும் அதற்குத்தான் முதலில் முயன்றார், தந்தி தாங்கவில்லை. கணக்கு எளிது: நீளமும் தடிமனும் மாறாவிட்டால், இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்தில் ஏறும். வழக்கமான இ தந்தியைப் பி வரை ஏற்றினால் இழுவிசை இரண்டேகால் மடங்காகிவிடும். மெல்லிய தந்தி மாட்டினாலும் பயனில்லை. மெலியும்போது இழுவிசை எவ்வளவு குறைகிறதோ, தாங்கும் வலுவும் அவ்வளவே குறைகிறது. எஃகுத் தந்தி அறுபடும் சுருதி தடிமனைப் பொறுத்ததல்ல.

ஜி வரை ஏற்றுவதற்கும் கவனம் வேண்டும். கிட்டார் வழக்கப்படி மெல்லிய பக்கமிருந்து எண்ணினால், இரண்டாவது தந்தி 'பி'யிலிருந்து 'இ'க்கு ஐந்து அரைச்சுரம் ஏறுவதால் இழுவிசை சுமார் 78 சதவீதம் கூடும். மிகத் தடித்த ஆறாவது தந்தி நான்கு அரைச்சுரம் இறங்கித் தொளதொளத்துப் போகும். ஆகவே கடையில் வாங்கிய சாதாரண செட்டை அப்படியே திருகக் கூடாது. இரண்டாவதுக்கு 0.013 அங்குலம் அளவில் மெல்லிய தந்தியும், ஆறாவதுக்கு 0.056 அங்குலம் அல்லது அதைவிடத் தடித்ததும் மாட்ட வேண்டும். கழுத்தில் விழும் பளுவே மாறிவிடுவதால், அது வளையாமல் உள்ளே தாங்கும் கம்பியான ட்ரஸ் ராடையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

அடுத்தது, பாடகர் டேவிட் போவியின் 'ஹீரோஸ்' பாட்டில் ஃபிரிப் வாசித்த, இழுபட்டுக்கொண்டே போகும் அந்த நாதம். தந்தியைத் தொடாமலே அதிரவைக்கும் ஈ-போ என்ற கையடக்க மின்காந்தக் கருவியால் வந்தது என்கிறது கட்டுரை. பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். 1977இல் பெர்லினின் ஹான்சா ஸ்டுடியோவில் ஃபிரிப் செய்தது வேறு. தயாரிப்பாளர் டோனி விஸ்கான்டியே இதை விளக்கியிருக்கிறார். ஸ்பீக்கரிலிருந்து எவ்வளவு தூரத்தில் நின்றால் எந்தச் சுரம் ஃபீட்பேக்காகத் தானே நீடிக்கிறது என்று அளந்து, தரையில் அடையாளம் வைத்துக்கொண்டார். 'ஏ'க்கு ஏறக்குறைய 4 அடி, 'ஜி'க்கு அதைவிடக் கிட்டத்தில். சுரம் மாறும்போது கால் அந்தந்த அடையாளத்துக்கு நகரும்.

ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி, தந்தியின் அசைவோடு ஒத்து வந்து தள்ளினால் நாதம் நிற்கும். எதிராக வந்தால் அணையும். 440 ஹெர்ட்ஸ் 'ஏ'யின் அலைநீளம் சுமார் 78 செ.மீ. அதில் பாதி, அதாவது ஒரு சிறு எட்டு தள்ளி நின்றாலே தள்ளு தடையாகிவிடும். நாதம் செத்துப்போகும், அல்லது வேறொரு மேல்சுரத்துக்குத் தாவிவிடும். அறை மாறினால் அடையாளங்களும் மாறும். ஆம்ப் சத்தம் தந்தியையே அசைக்கும் அளவுக்கு இருக்க வேண்டும். மற்ற ஐந்து தந்திகளையும் உள்ளங்கையால் அமுக்காவிட்டால் எல்லாம் சேர்ந்து ஊளையிடும். இப்படி மூன்று முறை வாசித்தார், மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பாட்டில் இருக்கின்றன. அந்தப் பதிவில் உடனிருந்த இசைக்கலைஞர் பிரையன் ஈனோ அதைத் தன் சிந்தசைசரின் ஃபில்டர் வழியாக அனுப்பி நிறம் மாற்றினார். காதையும் காலையும் சேர்த்துப் பழக்கியவரின் உழைப்பைக் கையடக்கக் கருவி ஒன்றின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

ஃபிரிப்பின் டேப் சுழற்சி முறையான 'ஃபிரிப்பர்ட்ரானிக்ஸ்' பற்றி ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள். இரண்டு ரெவாக்ஸ் ஸ்பூல் ரெக்கார்டர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே டேப்பை இரண்டிலும் ஓட்டுவது அது. முதல் இயந்திரம் பதிவு செய்யும், இரண்டாவது அதை ஒலிக்கும், அந்த ஒலி திரும்பவும் முதலாவதற்குள் போகும். நொடிக்கு ஏழரை அங்குலம் ஓடும் டேப்புக்கு 4 நொடி தாமதம் வேண்டுமென்றால், இரண்டு ஹெட்டுகளுக்கும் நடுவில் 30 அங்குல டேப் இருக்க வேண்டும். திரும்பி வரும் அளவை 80 சதவீதமாக வைத்தால், வாசித்த சுரம் மூன்று சுற்றில், அதாவது 12 நொடியில், பாதியாகத் தேயும். நூறுக்கு ஏற்றினால் எதுவும் அழியாது; டேப்பின் இரைச்சலும் சேர்ந்து ஏறி இசையை மூடிவிடும். இரண்டு இயந்திரங்களும் ஒரே மட்டத்தில் இல்லையென்றால் டேப் சாய்ந்து ஓடி, ஒவ்வொரு சுற்றிலும் மேல்சுரங்கள் மங்கிக்கொண்டே போகும். அமெரிக்க இசையமைப்பாளர் டெர்ரி ரைலி முன்பே கையாண்ட முறை இது. ஈனோ 1972இல் ஃபிரிப்புக்குக் காட்ட, அவர் பின்னாளில் அதைத் தனியாக மேடையேற்றினார்.

கடைசியாக ஒன்று. 1974 செப்டம்பரில் குழுவைக் கலைத்ததோடு ஃபிரிப் இசையை விட்டு விலகியதாகக் கட்டுரை முடிகிறது. அவர் இங்கிலாந்தின் ஷெர்போர்ன் ஹவுஸில் பத்து மாத ஆன்மிகப் பயிற்சிக்குப் போனார், அவ்வளவுதான். 1977இல் பெர்லினில் மேலே சொன்ன 'ஹீரோஸ்' பதிவு. 1981இல் இன்னொரு கிட்டார் கலைஞரான ஏட்ரியன் பெலூவோடு கிங் கிரிம்சனை மீண்டும் தொடங்கினார். அதில் இரண்டு கிட்டார்களும் ஒரே கோர்வையை வாசிக்க, ஒன்று மட்டும் ஒரு சுரத்தைக் குறைத்துக்கொண்டு மெல்ல விலகிப்போகும். தாளம் போட்டுக் கேட்கத் தெரிந்த நம் வாசகர்களுக்கு அந்த வாசிப்பு சட்டென்று பிடிபடும். அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாதது பெரிய குறை. 1985இல் மேற்கு வர்ஜீனியாவில் கிட்டார் வகுப்பு ஆரம்பித்தார். மேலே சொன்ன சுருதியமைப்பு பரவியது அங்கிருந்துதான். 2014இல் மூன்று டிரம்மர்களை மேடையின் முன்வரிசையில் உட்கார வைத்துக் குழுவைத் திரும்பக் கூட்டினார். அந்தப் பயணம் 2021 டிசம்பர் 8 அன்று டோக்கியோவில் முடிந்தது.

உங்கள் கட்டுரைக்கு இன்னும் 47 ஆண்டுகள் பாக்கி இருக்கின்றன. இரண்டாம் பகுதி எழுதச் சொல்லுங்கள். அதற்கு முன் அடுத்த இதழிலேயே அந்த 'பி'யைத் திருத்திவிடுங்கள்.

தங்கள்,
வாசகர், மதுரை